பிரேக் போன வண்டியும் விற்ற முதலாளியும்

கண்டியிலிருந்து ஏ9 வீதியில் மாத்தளைக்கு வருகிறவர்களுக்குப் பலகடுவ இறக்கம் தெரியும். முன்னால் ஒரு லொறி ஊர்ந்துகொண்டிருக்கும், பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வரும், பிரேக்கில் வைத்த காலை எடுக்க வழியிருக்காது. ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறினால் வளைவுகள் இன்னும் மோசம். அலுவிகாரையில் குடியிருப்பவர் வாங்கும் வண்டிக்குக் கொழும்பில் ஓடும் வண்டியைவிட பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் வேலை அதிகம். சமதரையில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் குறை இங்கே முதல் ஞாயிற்றுக்கிழமையே வெளியில் வந்துவிடும்.

அப்படி வந்த பிறகு விற்றவரிடம் எப்படிப் போவது என்பதுதான் இந்த அத்தியாயம். ஏசி குளிரவில்லை, கதவு கிறீச்சிடுகிறது என்பதெல்லாம் போன அத்தியாயத்தோடு முடிந்தது. இங்கே பேசுவது உயிருக்கு உலை வைக்கும் குறைகளை: பிரேக் மிதி தரையோடு போவது, ஸ்டியரிங் இறுகிக்கொள்வது, ஓடும்போதே எஞ்சின் அணைவது, மோதியும் எயார்பேக் விரியாதது, வயரிங் பற்றிக்கொள்வது.

காலமும் வாங்குபவருக்கு உதவியாக இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் திறந்தது. இடையில் நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வண்டிக்கு வயது ஏற ஏற விலையும் ஏறியது உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத அதிசயம். ஆகவே இந்த வட்டாரத்தில் ஒருவர் ‘புது வண்டி எடுத்தேன்’ என்றால் அது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டி, அல்லது உள்ளூரில் மூன்று நான்கு கை பார்த்த வண்டி. பழையதை வாங்கியவருக்கு உரிமை ஒன்றும் கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள். விற்பவர்களுக்கும் அந்த நம்பிக்கை வசதியாக இருக்கிறது. பழைய வண்டி பழைய வண்டி மாதிரி ஓடலாம். ஆளைக் கொல்கிற மாதிரி ஓடக்கூடாது.

முதல் ஒரு மணித்தியாலம்

வண்டி எப்படியோ ஓரமாக நின்றுவிட்டது, உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அடுத்து வந்து சேர்பவர் பக்கத்துக் கராஜ்காரர். கெட்டிக்காரர், நல்ல மனுசன். பொனெட்டைத் திறந்து, போன சாமானைக் கழற்றிப் பற்றைக்குள் எறிந்துவிட்டு, வேறொன்றைப் போட்டு, “இப்ப போகலாம் அண்ணே” என்பார். அந்த நல்ல மனசே உங்கள் வழக்கைத் தின்றுவிடும். கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்; தேநீர் வாங்கிக்கொடுத்து அனுப்பினாலும் பரவாயில்லை.

அதற்குப் பதில் தொலைபேசியை எடுங்கள். மீற்றரில் ஓடிய தூரம், எரியும் எச்சரிக்கை விளக்குகள், பிரேக் ஒயில் போத்தலின் மட்டம், சக்கரத்தின் உட்பக்கம், வீதியில் ஒழுகிய தடம், வண்டி நிற்கும் இடமும் சரிவும் – எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். பிரேக் மிதியை மிதிக்கும்போது அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை ஒரு ஆள் மிதிக்க இன்னொரு ஆள் வீடியோ எடுக்கலாம். பேசிக்கொண்டே எடுத்தால் இன்னும் நல்லது; நேரமும் இடமும் குரலோடு பதிவாகும். நின்று பார்த்தவர்களில் இருவரின் பெயரும் இலக்கமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு வண்டியைத் தூக்கிச்செல்லும் வாகனத்தை அழைத்து ஏற்றுங்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற ஆசை வரும். அப்படி ஓட்டினால் உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறம் இருக்க, “ஓட்டிக்கொண்டுதானே வந்தீங்க, அப்ப என்ன குறை?” என்ற கேள்வியை நீங்களே முதலாளியின் வாயில் ஊட்டிவிடுகிறீர்கள். இன்றைய வண்டிகளில் கம்பியூட்டரில் கோளாறுக் குறியீடு பதிவாகியிருக்கும். பற்றரியைக் கழற்றினாலோ கராஜில் ‘கிளியர்’ பண்ணினாலோ அது அழிந்துபோகலாம். ஆகவே கை வைக்கும் முன் ஸ்கேன் பண்ணி, அறிக்கையை அச்செடுத்து வையுங்கள்.

விபத்தாகிவிட்டால் பொலிஸ் வரும், மோட்டார் வாகனப் பரிசோதகர் வண்டியைப் பார்ப்பார். இரண்டு இடத்தில் கவனம் தேவை. பரிசோதகரிடம் “பிரேக் மிதி கீழே போய்விட்டது, அந்தப் பகுதியைப் பார்த்து எழுதுங்கள்” என்று குறிப்பாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். “ஒருவேளை நான் கவனிக்காமல் இருந்திருப்பேன்” என்ற பெருந்தன்மை அங்கே வேண்டாம். மத்திய மாகாணத்தில் சிங்களத்தில் எழுதிக்கொண்டு கையெழுத்து வைக்கச் சொல்வது சாதாரணம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் அரச அலுவலரோடு கருமமாற்றும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. தமிழில் எழுத ஆளில்லை என்றால், எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தக் கேட்டு, விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பரிசோதகரின் அறிக்கை கைக்கு வராமல் இழுபட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாம்.

கழற்றிய சாமான்

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துத் தாதி ஒருவரின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரிடம் இருந்தது 2005 மாடல் ஷெவ்ரொலே கோபோல்ட். ஓடும்போதே எஞ்சின் அணைகிறது என்று வண்டியை விற்பனை முகவரின் சேவை நிலையத்தில் விட்டார். எரிபொருள் தொகுதியைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு வந்த கையோடு, 2010 மார்ச் 10 அன்று, மழை பெய்த வீதியில் வண்டி கட்டுப்பாடு இழந்து எதிரே வந்த வாகனத்தில் மோதியது, அவர் இறந்துபோனார். அன்று அவருடைய 29ஆவது பிறந்தநாள். மழையில் வேகமாக வந்திருப்பார் என்று எல்லோரும் கோப்பை மூடியிருப்பார்கள்.

பெற்றோர் மூடவிடவில்லை. வண்டியின் பதிவுப் பெட்டியை எடுத்துப் பார்த்தபோது, மோதுவதற்குச் சில விநாடிகளுக்கு முன் இக்னிஷன் ஸ்விட்ச் தானாகவே ‘ஓடு’ நிலையிலிருந்து நழுவியிருந்தது தெரிந்தது. அது நழுவினால் எஞ்சின் அணையும், பவர் ஸ்டியரிங் போகும், எயார்பேக்கும் விரியாது. அவர்களுடைய பொறியியலாளர் அந்த வண்டியின் ஸ்விட்சையும், அதே பாக இலக்கத்தோடு கடையில் வாங்கிய புது ஸ்விட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உள்ளே இருந்த சின்னஞ்சிறு ஊசியின் நீளம் வேறு. வேறுபாடு இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லை. ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி குறையைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, பாக இலக்கத்தை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தது. 2014இல் ஏறத்தாழ 26 இலட்சம் வண்டிகள் திருப்பி அழைக்கப்பட்டன. கம்பனி அமைத்த நட்டஈட்டு நிதியமே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது.

அந்த ஸ்விட்சைக் கழற்றி எறிந்திருந்தால் இவ்வளவும் வெளிவந்திராது. ஆகவே எந்தக் கராஜில் வேலை செய்தாலும் கழற்றிய சாமானைக் கையோடு கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. பொலித்தீன் பையில் போட்டு, திகதி, வண்டி இலக்கம், கழற்றியவர் பெயர் எழுதி, முடிந்தால் அவரிடமே கையெழுத்து வாங்கிக் கட்டி வையுங்கள். பிரேக் விஷயம் என்றால், போத்தலில் இருந்த ஒயிலில் கொஞ்சத்தை ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிப் போத்தலில் எடுத்து இறுக மூடி வையுங்கள். முதலாளியே “சாமானைக் கொண்டுவாங்க, கம்பனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன்” என்றால் பெற்றுக்கொண்டதாக எழுதித் தராமல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அது போனதுதான்.

யார் விற்றது?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நம் ஊரில் பாதி வழக்கு இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. வீதியோரக் கார் சேல்களில் நிற்கும் வண்டிகள் பல அந்தக் கடைக்குச் சொந்தமானவை அல்ல. ‘பார்க் அண்ட் சேல்’ முறையில் யாரோ கொண்டுவந்து நிறுத்தியவை. குறை வெளியில் வந்ததும் முதலாளி, “நாங்க இடம் கொடுத்ததுதான் தம்பி, வித்தது ஓனர்” என்று கையை விரிப்பார். ஓனரைத் தேடினால் அவர் வாங்குபவர் பெயர் நிரப்பாத ‘ஓப்பன் பேப்பரில்’ கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு எப்போதோ போனவர். நடுவில் இரண்டு பேர் வாங்கி விற்றிருப்பார்கள், அவர்களுடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இதை உடைப்பது காசுத் தடம். முற்பணத்தை யாருடைய கணக்குக்குப் போட்டீர்கள்? பற்றுச்சீட்டில் எந்தக் கடையின் பெயர்? விளம்பரத்தில் யாருடைய இலக்கம்? ‘எங்கள் வண்டி’, ‘நாங்கள் செக் பண்ணியது’, ‘எஞ்சின் கியர்பொக்ஸ் கரண்டி’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியது யார்? இவை எல்லாம் ஒரே கடையைக் காட்டினால் ‘நான் வெறும் தரகர்’ என்ற பேச்சு நிற்பது கஷ்டம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. வாங்கும்போது கேட்கவில்லையா, இப்போதும் கேளுங்கள்.

வண்டி லீசிங்கில் என்றால் இன்னொரு சிக்கல். காகிதத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனி. விற்றவருக்கு எழுதும் எல்லாக் கடிதத்தின் பிரதியும் அவர்களுக்குப் போக வேண்டும். கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். வண்டியை அவர்கள் தூக்கிக்கொண்டு போனால், உங்கள் சாட்சியமும் வண்டியோடு போய்விடும்.

எழுதுங்கள்

2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் கார் பெற்றோல் மிதி சிக்கிக்கொண்டு அசுர வேகத்தில் ஓடி மோதி, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைப் பொலிஸ் அதிகாரி. சொந்த வண்டியைச் சேவைக்கு விட்டபோது விற்பனை நிலையம் தற்காலிகமாகக் கொடுத்த கார் அது. வேறொரு மாடலுக்கான தரைவிரிப்பு அதில் போடப்பட்டிருந்தது, மிதி அதில் மாட்டியது. சில நாள் முன்பு அதே காரை எடுத்துச்சென்ற இன்னொருவருக்கும் அதே விரிப்பில் மிதி மாட்டியிருக்கிறது. தப்பி வந்து, காரைத் திருப்பிக் கொடுக்கும்போது வரவேற்பில் இருந்தவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு அங்கேயே கரைந்துபோனது. பிறகு டொயோட்டா கம்பனி அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோடி டொலர் கொடுத்தது. விற்பனை நிலையம் தனியாகக் கணக்குத் தீர்த்தது.

வாயால் சொன்னதை நம்ப முடியாது என்ற முடிவுக்கு அலுவிகாரை என்றோ வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக மனப்பாடத்தில் இருந்த திரிபிடகத்தை, பஞ்சமும் போரும் வந்து ஓதுகிறவர்களே அருகிப்போன காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் ஓலையில் எழுதி வைத்தது இந்தக் குகைகளில்தான். நம் ஊர்க்காரர் மட்டும் இன்னும் பத்து இலட்சம், நாற்பது இலட்சம் கொடுத்து வாங்கிய வண்டியைப் பற்றிக் கடை வாசலில் நின்று வாயால் பேசிவிட்டு வருகிறார்.

முதல் கடிதத்தைக் கோபமில்லாமல் எழுதுங்கள். நீளம் வேண்டாம். மாதிரி:

“தங்களிடம் … ஆம் திகதி, … ரூபாய்க்கு, பற்றுச்சீட்டு இலக்கம் … இன் படி வாங்கிய … இலக்க வாகனம், … ஆம் திகதி … மணிக்கு, பலகடுவ இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது பிரேக் மிதி முழுமையாகக் கீழிறங்கிச் செயலற்றுப் போனது. அப்போது வாகனம் … கிலோமீற்றர் ஓடியிருந்தது. வாங்கிய பின் ஓடிய தூரம் … கிலோமீற்றர். வாகனம் அன்றிலிருந்து ஓட்டப்படவில்லை. … இல் நிறுத்தப்பட்டுள்ளது. எந்தப் பாகமும் கழற்றப்படவில்லை. இது ஓட்டுபவருக்கும் பிறருக்கும் உயிராபத்தான குறை. இக்கடிதம் கிடைத்து 7 நாட்களுக்குள் தங்கள் தொழில்நுட்பவியலாளரை அனுப்பி, என் முன்னிலையில் பரிசோதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த வாகனத்தை ஏற்றுக்கொள்ள மறுத்து, செலுத்திய தொகையைத் திருப்பிக் கேட்கும் உரிமையை ஒதுக்கி வைத்துள்ளேன்.”

பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் சீட்டைக் கடிதப் பிரதியோடு ஒட்டி வையுங்கள். அதே கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். நீல நிறச் சரி அடையாளமும் ஒரு சாட்சிதான். தொலைபேசியில் முதலாளி ஏதாவது ஒப்புக்கொண்டால், வைத்த உடனேயே “சற்று முன் பேசியபடி, திங்கட்கிழமை வண்டியை ஏற்றிப்போக ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள்” என்று ஒரு செய்தி போடுங்கள். அவர் மறுக்காவிட்டால் அது அவருடைய வார்த்தையாகிவிடும். திட்டவும் வேண்டாம், பொலிஸில் போடுவேன் என்று மிரட்டவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒருநாள் ஒரு நீதிபதி வாசிப்பார் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

வரப்போகும் பதில்கள்

“ஓடிப் பார்த்துத்தானே எடுத்தீங்க?” இதுதான் முதல் பதில். மாத்தளை டவுனில் பத்து நிமிடம் ஓடிப் பார்ப்பது உள்ளே மறைந்திருக்கும் குறையைக் கண்டுபிடிப்பதாகாது. நம் நாட்டில் இன்றும் நடைமுறையிலுள்ள 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், 1893ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. வியாபாரி விற்கும் பொருள் தரமாகவும் நோக்கத்துக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும் என்ற சொல்லாத நிபந்தனையை அது விற்பனைக்குள் வைக்கிறது. பார்த்து வாங்கினால் அந்தப் பார்வையில் தெரிந்திருக்கக்கூடிய குறை மட்டும்தான் கைநழுவும்.

“எட்டு வருச வண்டி, வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?” இங்கிலாந்தில் 1970களில் தீர்ந்த ஒரு வழக்கில் 82,000 மைல் ஓடிய எட்டு வருட ஜகுவார், வாங்கி மூன்று வாரத்தில் எஞ்சின் இறுகியது. வாங்கியவர் பக்கம் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்றுதான்: கடைக்கு விற்ற முந்தைய உரிமையாளரைச் சாட்சிக்கூண்டுக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் அப்போதே முடிந்துபோன நிலையில் இருந்தது என்று அவர் சொன்னார். வாங்கியவர் வென்றார். உங்கள் வண்டியின் முந்தைய உரிமையாளரைத் தேடிப் போங்கள். கோபமாகப் போகாதீர்கள், அவரும் அநேகமாகக் கடைக்காரரிடம் மனக்குறையோடுதான் இருப்பார்.

“இறக்கத்தில பிரேக்க மிதிச்சிக்கிட்டே வந்திருப்பீங்க.” நம் பக்கத்தில் இதுதான் பலமான பதில், அதில் உண்மை இருக்கவும் கூடும். நீண்ட இறக்கத்தில் கியரில் விடாமல் பிரேக்கிலேயே வந்தால் ஒயில் கொதித்து ஆவி கட்டி, மிதி கீழே போகும். ஆனால் டொட் 3 ரக ஒயில் புதிதாக இருந்தால் 205 பாகை செல்சியஸ் வரையாவது தாங்க வேண்டும். வருடக்கணக்கில் ஈரம் உறிஞ்சிய ஒயில் 140 பாகையிலேயே கொதிக்கலாம். நீங்கள் போத்தலில் எடுத்து வைத்த ஒயில் இந்த இடத்தில்தான் பேசும். விற்கும்போது ‘ஃபுல் சேர்விஸ்’ செய்ததாகச் சொன்னவர் எந்த ஒயிலை ஊற்றினார் என்பதற்குப் பதில் சொல்லட்டும்.

“எயார்பேக் விரியிற அளவுக்கு அடி படல்ல.” இந்தியாவில் ஹ்யூண்டாய் கிரெட்டா ஒன்று 2017 நவம்பரில் டில்லி–பானிபட் நெடுஞ்சாலையில் மோதியது, எயார்பேக் விரியவில்லை, ஓட்டியவருக்குத் தலை, நெஞ்சு, பல் எல்லாம் காயம். கம்பனி இதே பதிலைத்தான் சொன்னது. 2022 ஏப்ரல் 20 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் பௌதிக நிபுணராக நுகர்வோர் இருக்கத் தேவையில்லை என்றது. நட்டஈட்டோடு வண்டியை மாற்றிக்கொடுக்கும் உத்தரவும் நிலைத்தது. இந்தியத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். ரீகண்டிஷன் வண்டியில் வேறொரு சங்கதியும் உண்டு: முன்பே விரிந்துபோன எயார்பேக்கை மாற்றாமல் மூடியை ஒட்டி, எச்சரிக்கை விளக்கையும் ஏமாற்றி வைப்பது. சாவியைத் திருப்பியதும் எயார்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஜப்பான் ஏலத்தாளைக் கேளுங்கள். அதில் தரம் ‘ஆர்’ அல்லது ‘ஆர்ஏ’ என்று இருந்தால் விபத்தில் பட்டுத் திருத்தியது.

“பேப்பர்ல கையெழுத்து வச்சிருக்கீங்களே, கம்பனி பொறுப்பில்லன்னு.” அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1955 மே மாதம் வாங்கிய பிளிமத் கார் பத்தே நாளில், 468 மைல் ஓடியபோது, ஸ்டியரிங் சுழன்று சுவரில் மோதியது. ஓடர் தாளின் பின்பக்கப் பொடி எழுத்தில், குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதைத் தவிர வேறு பொறுப்பில்லை என்று அச்சடித்திருந்தது. முன்பகுதி நொறுங்கிப்போனதால் எந்தப் பாகம் கெட்டிருந்தது என்று காட்டவும் வழியில்லை. ஆனாலும் 1960இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பொடி எழுத்தைத் தூக்கி வீசி, தயாரித்த கிறைஸ்லர், விற்ற புளூம்ஃபீல்ட் மோட்டர்ஸ் இருவரையும் பொறுப்பாக்கியது. நம்மிடமும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது: கவனயீனத்தால் வரும் மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒருவர் தப்ப முடியாது. கையெழுத்து வைத்துவிட்டோமே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இத்தோடு ஒரு வேலை. வண்டியின் சஸி இலக்கத்தை எடுத்து, தயாரித்த கம்பனியின் திருப்பி அழைத்தல் பட்டியலில் தேடுங்கள். ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு ஜப்பானியப் பட்டியலில் தேட வேண்டும். பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டிகள் ஓடும்போது சக்தி இழக்கக்கூடும் என்று டொயோட்டா 2014இல் 19 இலட்சத்தையும் 2018இல் 24 இலட்சத்தையும் திருப்பி அழைத்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வெடித்துச் சிதறும் டகாட்டா எயார்பேக் நம்மைப் போன்ற நாட்டு வெயிலில் விரைவில் கெடும் சாமான். உங்கள் இலக்கம் பட்டியலில் இருந்தால், குறை இருக்கிறதா என்ற வாதமே முடிந்தது, தயாரித்தவரே ஒப்புக்கொண்டுவிட்டார். உள்ளூர் முகவரிடம் இலவசத் திருத்தம் கேட்டு எழுதுங்கள், விற்றவருக்கும் பிரதி போடுங்கள்.

மூன்று மாதம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றவருக்கு எதிராக நீங்கள் முறையிடலாம். அதிகார சபை விசாரித்து நட்டஈடு, மாற்றுப் பொருள், பணம் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றுக்கு உத்தரவிடலாம். வக்கீல் செலவில்லாத வழி. ஆனால் எழுத்து மூல முறைப்பாடு விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பழுதான நாளிலிருந்து என்று சட்டம் சொல்லவில்லை.

முதலாளிமார் இதை நன்றாக அறிவார்கள். “சாமான் ஜப்பானிலிருந்து வரணும்”, “நோன்பு முடியட்டும்”, “வருசம் பொறக்கட்டும்” என்று இனிக்க இனிக்கப் பேசித் தொண்ணூறு நாளை ஓட்டிவிடுவார்கள். பேச்சுவார்த்தை நடக்கும்போதே முறைப்பாட்டைப் போடுங்கள். அதனால் பேச்சுவார்த்தை கெடாது. சில சமயம் அன்றுதான் ஆரம்பிக்கும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மாத்தளை மாவட்ட அலுவலகத்துக்கு வழி சொல்வார்கள். தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.

மூன்று மாதம் போய்விட்டதா? இடையில் அதே கடை பிரேக் வேலை செய்து கொடுத்திருந்தால், அந்தச் சேவை கொடுத்த நாளிலிருந்து அதற்கென்று ஒரு மூன்று மாதம் ஓடும். சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு. கராஜ் பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்பதென்றால் அவசரம் இன்னும் அதிகம். 1980களில் இங்கிலாந்தில், வாங்கி மூன்று வாரம், 140 மைல் ஓடிய புத்தம்புது நிசானின் எஞ்சின் நெடுஞ்சாலையில் இறுகியது. ஒட்டும் பசையின் ஒரு துளி எண்ணெய் வழியை அடைத்திருந்தது. வண்டி தரமற்றது என்று நீதிபதி ஏற்றார். ஆனால் மூன்று வாரம் வைத்திருந்ததால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விட்டது, நட்டஈடுதான் என்றார். கடுமையான தீர்ப்பு, எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவிய நம் நாட்டில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத் தூக்கிக் காட்டுவார். குறை தெரிந்த அன்றே, மாதிரிக் கடிதத்தின் கடைசி வரிக்குப் பதிலாக, “ஏற்க மறுக்கிறேன்” என்றே எழுதுங்கள், அதன் பிறகு வண்டியில் ஏறாதீர்கள்.

காயம்பட்டிருந்தால் கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்கென்றால் ஆறு வருடம். தொகை குறைவானால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கமில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றம் போகலாம். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

முடித்துக்கொள்ளும்போது

பெரும்பாலான கதைகள் நீதிமன்றம் வரை போகாமல் கடைக்குள்ளேயே ஒரு தொகையில் முடியும். அதில் பிழையில்லை. ஆனால் மேசையில் பணத்தோடு ஒரு தாளும் வரும்: ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று. வண்டிச் செலவுக்குப் பணம் வாங்கும்போது காயத்துக்கான உரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவச் செலவு முடியவில்லை என்றால் ‘வாகனத்தின் சேதத்துக்கு மட்டும்’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். காசோலை என்றால் அது மாறிய பிறகே தாள். திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டால், எந்தப் பாகம், புதிதா பழையதா, எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதி வாங்கி, வேறொரு பொறியியலாளரிடம் காட்டிய பிறகே ஓட்டுங்கள்.

வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் உரிமை மாற்றத்துக்கான எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களில் வாங்குபவரின் பெயரும் கையெழுத்தும் விழாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வெறும் கையெழுத்துப் போட்ட ஓப்பன் பேப்பரை விட்டுவிட்டு வந்தால், அந்த வண்டி திருத்தப்படாமலே அடுத்த கடையில் நிற்கலாம். பலகடுவயில் அது யாரையாவது மோதும் நாளில் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயருள்ள உங்களைத்தான். படிவங்களின் பிரதியையும் பிரேக் குறையை விவரிக்கும் உங்கள் முதல் கடிதத்தின் பிரதியையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நீங்களே பதிவுத் தபாலில் அனுப்பி வையுங்கள்.